போனில் படம் எடுத்தால் சொத்தைப் பல் தெரியுமா?

பென்னாகரம் பக்கத்தில் ஒரு மலையோரக் கிராமத்தில் மாலை நேர வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்களிடம் 180 பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் வாயைத் திறந்தால் சொத்தைப் பல். பல் டாக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். ஸ்மார்ட்போனில் வாயைப் படம் எடுத்து யாருக்குச் சொத்தை என்று கண்டுபிடிக்கலாமாமே, ஆப் எல்லாம் வந்துவிட்டதாமே, நாங்களே செய்யலாமா?”

செய்யலாம். பல் மருத்துவத்தில் பொது சுகாதாரப் பிரிவைப் படித்துவிட்டுப் பல வருடம் முகாம் முகாமாக அலைந்தவன் நான். போன் உதவும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. சொத்தை என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை எந்த டாக்டரின் நாற்காலியில் போய் உட்காரப் போகிறது? அந்தக் கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

பாதிப் பேர் என்று நீங்கள் சொன்னது மிகையும் இல்லை. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03ல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 5 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 52 சதவீதம் பேருக்கும், 12 வயதில் ஏறக்குறைய 54 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. பால்பல்லில் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் உலகம் முழுக்க 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. நம் ஊரில் “பால்பல்தானே, விழுந்துடும்” என்று விட்டுவிடுகிறார்கள். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியது. ஐந்து வயதில் அதில் குழி விழுந்தால் அந்தப் பிள்ளை பல வருடம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடும்.

இப்போது போனுக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். சொத்தை ஒரே நாளில் குழியாக வருவதில்லை. வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலத்தன்மை ஏறி பி.எச். (அமிலம் ஏற ஏற இறங்கும் எண் இது) 5.5க்குக் கீழே போகும்போது எனாமலில் இருந்து கால்சியம் கரைகிறது. எச்சில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. கரைவது அதிகமாகி, திரும்புவது குறையும்போது பல்லில் முதலில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தடம் தெரியும். அப்புறம்தான் மேற்பரப்பு உடையும், உள்ளே கருப்பு நிழல் தெரியும், கடைசியில் வாயைத் திறந்தாலே தெரியும் பெரிய குழி. (ஊரில் இதைப் ‘பூச்சிப்பல்’ என்பார்கள். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பூச்சியை வெளியே எடுப்பதாகச் சொல்லும் ஆட்களை நானே சந்தையில் பார்த்திருக்கிறேன். பல்லில் புழு என்ற கதையை பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1728லேயே மறுத்துவிட்டார். நம் பாட்டிகளுக்கு இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.)

இந்தப் படிகளுக்கு நாங்கள் 0 (சொத்தை இல்லை) முதல் 6 (பெரிய குழி) வரை எண் போட்டு வைத்திருக்கிறோம். ஐ.சி.டி.ஏ.எஸ். என்று அதற்குப் பெயர். எண் 1 என்பது பல்லைக் காற்றடித்து ஐந்து விநாடி காய வைத்தால்தான் கண்ணுக்கே தெரியும். அதைப் போனில் தேட வேண்டாம். 2ம் 3ம் நல்ல வெளிச்சம், நல்ல கை, நல்ல அதிர்ஷ்டம் மூன்றும் சேர்ந்தால் தெரியலாம். 5, 6 இரண்டையும் சாதாரண போனில் பழகிய யாரும் பிடித்துவிடலாம். அதாவது, பல்லைக் காப்பாற்றுவது எளிதாக இருக்கும் கட்டத்தில் போனின் கண் மங்கல். சிகிச்சை அவசரமாகிவிட்ட கட்டத்தில் கூர்மை.

இன்னொரு குறையும் உண்டு. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் தொடங்கும் சொத்தை எந்தப் படத்திலும் வராது. குழந்தைகளின் கடைவாய்ப்பற்களில் அந்த இடத்தில் சொத்தை வருவது சகஜம். எக்ஸ்ரேதான் காட்டும். அதனால் படம் பார்த்துவிட்டு “உன் பிள்ளைக்குச் சொத்தையே இல்லை” என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். “இந்தப் படத்தில் தெரியவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்படியானால் எதற்குப் போன்? பொறுக்கிப் பிரிப்பதற்கு. 180 பேரையும் பஸ் ஏற்ற முடியாது. யார் நாளைக்கே போக வேண்டும், யார் அடுத்த மாதம் போகலாம், யாருக்கு ஊரிலேயே ஏதாவது செய்யலாம் என்று பிரிப்பதைப் போனைக் கொண்டு செய்ய முடியும். இதற்கு ஐ.சி.டி.ஏ.எஸ்.ஸை விட எளிமையான அளவுகோல் பூஃபா என்பது. 2010ல் வெளியானது. பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் பல் வேலை செய்தவர்கள் உருவாக்கியது. நான்கே விஷயம்தான் பார்க்க வேண்டும்: பல்லின் உள்சதை வெளியே தெரிகிறதா, உடைந்த பல் குத்திப் புண் ஆகியிருக்கிறதா, ஈறில் சீழ் வடியும் துளை இருக்கிறதா, சீழ்க்கட்டி வீங்கியிருக்கிறதா. இந்த நான்கும் படத்தில் பெரும்பாலும் தெரியும். நான்கில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிள்ளை முதல் வரிசை. கூடவே காய்ச்சல் இருந்தாலோ, முகம் வீங்கியிருந்தாலோ படமெல்லாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

படம் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பிள்ளைக்கு ஐந்து படம்: பல்லைக் கடித்தபடி முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், அப்புறம் வாயைப் பெரிதாகத் திறந்து மேல்வரிசையின் மெல்லும் பரப்பு, கீழ்வரிசையின் மெல்லும் பரப்பு. கடைசி இரண்டும்தான் முக்கியம், கடினமும் அவைதான். மேல்வரிசைக்குப் பிள்ளையைப் பெஞ்சில் படுக்க வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தால் பாதி வேலை முடிந்தது. கன்னத்தை விலக்கிப் பிடிக்க பிளாஸ்டிக் வளையம் மருத்துவக் கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும். அதைப் பிள்ளைக்குப் பிள்ளை கிருமி நீக்க உங்களுக்கு வழி இல்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆளுக்கொரு புதிய ஐஸ் குச்சி போதும். குச்சியால் கன்னத்தை இழுத்துப் பிடிக்கலாம், நாக்கையும் ஒதுக்கலாம். கையுறை கட்டாயம்.

முதலில் பல் துலக்க வைத்து வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மதிய உணவு முடிந்த கையோடு படம் எடுக்க உட்கார்ந்தால் சோற்றுப் பருக்கையைத்தான் படம் எடுப்பீர்கள். பிறகு சுத்தமான துணித்துண்டால் பல்லை ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் பிளாஷ் வெளிச்சம் பல்லில் பட்டு வெள்ளைப் பொட்டாக விழும், அதைச் சொத்தையின் வெள்ளைத் தடம் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பிளாஷ் மேல் டிஷ்யூ காகிதம் ஒன்றை ஒட்டினால் வெளிச்சம் பரவி விழும். போனை வாய்க்குள் நுழைக்கிற மாதிரி பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், கேமரா குழம்பிப் படம் மங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். எடுத்தவுடன் திரையில் விரித்துப் பாருங்கள். கடைவாய்ப்பல்லின் பள்ளங்கள் தெளிவாகத் தெரியவில்லை என்றால் அந்தப் பிள்ளை எழுந்து போவதற்குள் மறுபடி எடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் படம் ஒரு எண் எழுதிய சீட்டாக இருக்கட்டும். நான் ஆரம்பத்தில் நடத்திய ஒரு முகாமில் இதைச் செய்யாமல் நானூறு படங்களோடு வீட்டுக்கு வந்தேன். எது யார் வாய் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் எல்லாவற்றையும் புதிதாக எடுத்தேன். அந்த ஊர்த் தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

படத்தை யார் பார்ப்பது? இரண்டு வழி. ஒன்று, எங்கோ இருக்கும் பல் மருத்துவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்வது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த முறையைப் போன் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இதுபோன்ற சோதனைகளில் பொதுவாகத் தெரிய வருவது இதுதான்: சொத்தை இல்லாத பல்லை ‘இல்லை’ என்று சொல்வதில் படம் பார்ப்பவர் அவ்வளவாகத் தப்புவதில்லை, இருக்கும் சொத்தையைத்தான் அவ்வப்போது தவற விடுகிறார். இரண்டாவது வழி, செயற்கை நுண்ணறிவு. நீங்கள் கேள்விப்பட்ட ஆப்கள் இந்த வகை. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம், பெற்றோரே குழந்தையின் முன்பல்லைப் படம் எடுத்துப் பார்க்க ‘ஏஐகேரீஸ்’ என்ற ஆப்பை உருவாக்கியிருக்கிறது.

இவற்றின் விளம்பரங்களில் வரும் சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 2022ல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் 2,417 படங்களை வைத்து ஒரு கணினி நிரலைப் பழக்கினார்கள், 92.5 சதவீதம் சரியாகச் சொன்னது. நேர்மையான ஆய்வு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படங்கள் பல்லைச் சுத்தம் செய்து, காய வைத்து, மேக்ரோ லென்ஸ் போட்ட தொழில்முறை கேமராவில் எடுத்தவை. உங்கள் ஊரில் மாலை ஐந்தரை மணிக்கு, டியூப்லைட் மினுக்கும் அறையில், வாயைத் திறக்க மாட்டேன் என்று அழும் நான்கு வயதுப் பிள்ளையிடம் எடுக்கும் படத்துக்கு அந்த எண் பொருந்தாது.

அதை விடப் பெரிய சிக்கல் உங்கள் மாவட்டத்துக்கே உரியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதற்காகவேதான் ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013ல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஆனால் பல் எனாமல் உருவாகும் வயதில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் நிலைப்பற்களில் வெள்ளைக் கோடும் பழுப்புக் கறையும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கறையை அதிகம் பார்க்காமல் வேறு நாட்டுப் பற்களை வைத்துப் பழகிய ஆப் அதைச் சொத்தை என்று சொல்ல வாய்ப்பு அதிகம். நீங்கள் கண்ணால் பிரித்துவிடலாம். புளோரைடு கறை வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கமும் அதே பல்லில் இருக்கும், பல்லின் குறுக்கே படுக்கைக் கோடாக ஓடும், முன்பற்களின் வழவழப்பான முகத்தில் பளிச்சென்று தெரியும். சொத்தைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. பள்ளத்தில், ஈறோரத்தில், பல்லிடுக்கில், அழுக்கு தங்கும் இடமாகப் பார்த்து உட்காரும்.

கறுப்பாக இருப்பதெல்லாமும் சொத்தை இல்லை. இரும்புச்சத்து மருந்து குடிக்கும் குழந்தைகளின் பல்லில் கறுப்புப் படலம் வரும், அது மேலோட்டமானது. கரிப் பல்பொடியும் பள்ளங்களில் தங்கும். முன்பு வந்த சொத்தை தானே நின்று, கறுத்து, கல் மாதிரி இறுகிப் போயிருப்பதும் உண்டு. அது மென்மையா இறுகலா என்று டாக்டர் தொட்டுத்தான் சொல்ல முடியும், படம் சொல்லாது.

சரி, கணக்கைப் பார்ப்போம். உங்கள் 180 பிள்ளைகளில் 90 பேருக்குக் குழி விழுந்த சொத்தை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை, இருப்பவர்களில் நூற்றுக்கு 80 பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் நூற்றுக்கு 10 பேரைத் தவறாகச் சொல்கிறது என்போம். 72 பேரைச் சரியாகப் பிடிப்பீர்கள், 18 பேர் நழுவுவார்கள், 9 பேர் வீணாகப் பஸ் ஏறுவார்கள். பரவாயில்லை. அதே முறையை, 180 பேரில் பத்தில் ஒருவருக்கு மட்டும் சொத்தை இருக்கும் பள்ளிக்குக் கொண்டு போங்கள். அங்கே 18 பேரில் 14 பேரைப் பிடிப்பீர்கள், வீணாக அலைபவர்கள் 16 பேர். ஆப் மாறவில்லை, ஆனால் பஸ்ஸில் ஏறியவர்களில் பாதிக்கு மேல் சும்மா போய் வந்தவர்கள். உங்கள் ஊரில் நோய் அதிகம் என்பதால்தான் போன் அங்கே பயன்படும் என்கிறேன். இது சந்தோஷப்படுகிற செய்தி இல்லை என்று தெரியும்.

இனி ஆரம்பத்தில் விட்ட கேள்வி. இங்கிலாந்தின் வடமேற்கில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது, முடிவுகள் 2006ல் வெளியாகின. சில பள்ளிகளில் பல் பரிசோதனை செய்து பெற்றோருக்குச் சீட்டு அனுப்பினார்கள், சிலவற்றில் எதுவும் செய்யவில்லை. போன் இல்லை, நேரில் பல் மருத்துவரே பார்த்தார். கடைசியில் இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் சொத்தை அளவில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பல் சிகிச்சை பெற அரசு ஏற்பாடு இருக்கும் நாட்டிலேயே கதை இதுதான். கண்டுபிடிப்பதற்கும் குணமாவதற்கும் நடுவில் ஒரு நாள் கூலி, இரண்டு பஸ், இன்னொரு கைக்குழந்தை, “டாக்டர் பிடுங்கிடுவாரோ” என்ற பயம் எல்லாம் கிடக்கின்றன. சீட்டு அதையெல்லாம் தாண்டுவதில்லை.

அதனால் போனை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது, நாற்காலிகளை எண்ணுவது. உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதா, வாரத்தில் எந்த நாள், ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்க்க முடியும் என்று நேரில் போய்க் கேளுங்கள். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் ஒரு நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருடம் ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. அந்தக் குழு எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு படம் எடுத்துப் பட்டியலைத் தயாராக வையுங்கள். வாரத்துக்கு எட்டுப் பிள்ளைகளைத்தான் அந்த மருத்துவமனை பார்க்கும் என்றால், மாதம் முப்பது பேருக்கு மேல் படம் எடுக்காதீர்கள். மீதிப் பேரின் படம் போனில் தூங்கும், அவர்கள் அம்மாக்கள் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் “என்ன ஆச்சு” என்பார்கள்.

அதை விட நல்லது, டாக்டரை ஊருக்கு வரவழைப்பது. இப்போது டிரில், மின்சாரம், நாற்காலி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று, கைக்கருவியால் மென்மையான சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைப்பது. 1980களின் நடுவில் தான்சானியாவில் தொடங்கியது. இன்னொன்று, சில்வர் டைஅமின் புளோரைடு என்ற திரவம். ஒரு சொட்டைச் சின்னத் தூரிகையில் தொட்டுக் குழியில் தடவி ஒரு நிமிடம் விட்டால் பல சமயம் சொத்தை அங்கேயே நின்றுவிடும். வலி கிடையாது, ஊசி கிடையாது. 2021ல் உலக சுகாதார நிறுவனம் அந்த சிமென்ட், இந்தத் திரவம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தத் திரவத்துக்கு ஒரு விலை உண்டு: சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கடைவாய்ப்பல் என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. முன்பல் என்றால் அம்மாவிடம் கறுத்த பல்லின் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்காமல் தொடக் கூடாது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்தச் சிகிச்சை பெற்ற ஊருக்கு அடுத்த வருடம் ஆப்போடு போனால், நின்றுபோன சொத்தைகளை எல்லாம் கறுப்பு கறுப்பாகப் பார்த்து “இந்த ஊரில் சொத்தை ஏறிவிட்டது” என்று அறிக்கை தரவும் கூடும். எந்தப் பல்லுக்கு மருந்து போட்டது என்று கையால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு முகாம் நடத்தும் தேவை இருக்கிறது. ஆனால் ‘முகாம் வேண்டும்’ என்று போகாமல், “எங்களிடம் இன்னின்ன வயதில், அடைக்க வேண்டிய பல்லோடு இத்தனை பிள்ளைகள், பிடுங்க வேண்டியவர்கள் இத்தனை பேர், இதோ படம்” என்று போங்கள். என்ன பொருள் எத்தனை கொண்டு வர வேண்டும் என்று தெரிந்த முகாமும், பேஸ்ட் கொடுத்து போட்டோ எடுத்துப் போகும் முகாமும் ஒன்றில்லை.

போன் தந்த லாபங்களில் என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் கடைவாய்ப்பல் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாது. யாரும் காட்டியதில்லை. பெரிதாக்கிய படத்தைத் திரையில் காட்டினால், பத்து நிமிடம் நான் பேசியும் நகராதவர் “ஐயோ, இவ்வளவு பெரிய ஓட்டையா” என்று அடுத்த வாரமே வந்து நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் காட்டாதீர்கள். அந்த அம்மாவுக்கு மட்டும், தனியாக.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். எழுத்தில் வாங்குங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி வாங்குங்கள். முகம் வராமல் வாய் மட்டும் எடுங்கள். பெயர் நோட்டில் இருக்கட்டும், படத்தில் எண் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். டாக்டருக்குத் தனியாக அனுப்பும்போதும் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், நுணுக்கம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். அவர் பார்த்து முடித்ததும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

எந்தப் போன் வாங்கலாம் என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். புதிதாக வாங்க வேண்டாம். கடந்த ஐந்தாறு வருடத்தில் வந்த நடுத்தர விலைப் போன் எதுவும் போதும். அழகுபடுத்தும் வசதியை மட்டும் மறக்காமல் அணைத்து வையுங்கள், சில போன்கள் பல்லையும் தானாக வெளுப்பாக்கிவிடுகின்றன. மிச்சமாகும் காசில் ஒரு நல்ல தலைவிளக்கு, இரண்டு பெட்டி கையுறை, ஐந்நூறு ஐஸ் குச்சி. இன்னும் மிச்சம் இருந்தால், தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் கூடப் போகும் அம்மாக்களுக்கும் பஸ் காசு.